ஒரு கை எத்தனை பந்து தாங்கும்?

1966 நவம்பர் மாசம். அமெரிக்க பேஸ்பாலில் அன்றைய தேதிக்கு நம்பர் ஒன் பிட்சர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கோஃபாக்ஸ், இனிமேல் ஆடப் போவதில்லை என்று அறிவிக்கிறார்.

வயசு 30 தான். ஃபார்ம் போய் விலகினாரா? இல்லை. அந்த சீசனில் மட்டும் 27 வெற்றி, 323 இன்னிங்ஸ். உச்சியில் நிற்கும்போதே இறங்கிவிட்டார்.

காரணம், இடது முழங்கை. மூட்டு தேய்ந்து ஆர்த்ரைட்டிஸ் வந்துவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் எடுத்துக்கொண்டதைக் கேளுங்க. மூட்டுக்குள்ளேயே கார்ட்டிசோன் ஊசி. கோடீன் கலந்த வலி மாத்திரை. மேலே தடவ மிளகாய்க் காரம் சேர்த்த களிம்பு. இது போக ஃபீனைல்பியூட்டசோன். எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும் என்பதால் அந்த மருந்தை அமெரிக்காவில் பிற்பாடு மனிதர்களுக்குக் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அது குதிரைகளுக்குப் போடும் மருந்து.

விளையாட்டு முடிந்த பிறகும் வாழ நிறைய வருஷம் இருக்கு, அதை முழு உடம்போடு வாழணும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு கை எத்தனை பந்து தாங்கும்? 140 வருஷமா பேஸ்பால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டே இருக்கு. நான் எலும்பு மூட்டு நிபுணர் இல்லை, எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். ஆனா "டோஸ்" என்ற விஷயம் எல்லா டாக்டருக்கும் தெரியும். இந்த வரலாறு முழுக்க டோஸ் பற்றியதுதான். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல பேஸ்பால் தெரியாதவங்களுக்கு நாலு வரி.

கிரிக்கெட்டில் பவுலர் முழங்கையை மடக்கி எறிந்தால் தப்பு. பேஸ்பாலில் எறிவதுதான் ஆட்டமே. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சருக்கு ஸ்டார்ட்டிங் பிட்சர் என்று பெயர். கிரிக்கெட் மாதிரி ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை. ஒருவரே தொடர்ந்து எறியலாம். ஆனா மாற்றி வெளியே எடுத்துட்டா அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. அடுத்து வருபவர் ரிலீவர். ஸ்டார்ட்டரே கடைசி வரை எறிந்து முடித்தால் அது "கம்ப்ளீட் கேம்".

இப்ப 1884-க்குப் போவோம்.

பிராவிடன்ஸ் கிரேஸ் என்று ஒரு அணி. அவர்களிடம் இருந்த இரண்டு முக்கிய பிட்சர்களில் ஒருவர் பாதி சீசனில் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் சார்லஸ் ராட்போர்ன். கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்தையும் அவரே எறிந்தார். அந்த ஒரே வருஷத்தில் 678 இன்னிங்ஸ்! காலையில் தலை சீவக்கூட கையைத் தூக்க முடியாமல் இருந்தார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அடுத்து சை யங். 1890-ல் இருந்து 1911 வரை ஆடினார். 749 கம்ப்ளீட் கேம். இந்த சாதனையை இனி யாராலும் நெருங்கக்கூட முடியாது.

1904-ஐ எடுத்துக்கிட்டா, தொடங்கிய ஆட்டங்களில் பத்தில் எட்டுக்கு மேல் ஸ்டார்ட்டரே முடித்திருக்கிறார். இன்றைக்கு ஒரு முழு சீசனில் சுமார் 4,860 ஸ்டார்ட் நடக்குது. அதில் கம்ப்ளீட் கேம் 30-ஐ ஒட்டித்தான் வருது.

உடனே நம்ம ஊர் பாணியில் ஒரு கமெண்ட் வரும். "அந்தக் காலத்து ஆளுங்க தெம்பே தனி சார், இப்ப இருக்கறவங்க சொகுசா வளர்ந்தவங்க."

அப்படி இல்லை.

ராட்போர்ன் எறிந்த தூரம் 50 அடி. 1893-ல் தான் அது இன்றைய 60 அடி 6 அங்குலம் ஆனது. அன்றைய பந்து அடித்தால் தூரம் போகாது, ஹோம் ரன் அபூர்வம். அதனால பலவீனமான பேட்டருக்கு முழு பலத்தைக் காட்டத் தேவையே இல்லை. பாதி வேகத்தில் எறிந்து, ஃபீல்டர்கள் கைக்கு அடிக்க விட்டுட்டா போதும்.

கிறிஸ்டி மேத்யூசன் என்ற பெரிய பிட்சர் 1912-ல் வந்த தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பே "பிட்சிங் இன் எ பின்ச்". இக்கட்டு வரும்போது எறிவது என்று அர்த்தம். அதாவது முழு சக்தியையும் இக்கட்டான நேரத்துக்கு என்று சேமித்து வைப்பது.

இதை மனசில் வைங்க. அவர்கள் அதிக பந்து எறிந்தார்கள். எல்லாப் பந்தையும் முழு பலத்தோடு எறியவில்லை.

1963 ஜூலை 2, சான் பிரான்சிஸ்கோ. ஒரு பக்கம் 25 வயசு வான் மாரிச்சல், மறுபக்கம் 42 வயசு வாரன் ஸ்பான். 16 இன்னிங்ஸ் போன ஆட்டம். இரண்டு பேருமே கடைசி வரை இறங்கவில்லை. மாரிச்சல் 227 பந்து, ஸ்பான் 201 பந்து. வில்லி மேஸ் ஒரு ஹோம் ரன் அடித்து 1-0 என்று முடித்து வைத்தார்.

1974 ஜூன் 14. நோலன் ரயன் ஒரே ஆட்டத்தில் 13 இன்னிங்ஸ், 235 பந்து. அவர் அதற்கப்புறமும் 1993 வரை, 46 வயசு வரை ஆடினார்.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். எங்க ஓபி-யில் தினமும் கேட்கும் வாதம் இது. "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் பீடி குடிச்சார் சார், கல்லு மாதிரி இருந்தார்." தாத்தா இருந்தார், சரி. 50-ல் போன தாத்தாக்களின் பேரன் யாரும் வந்து அந்தக் கதையைச் சொல்வதில்லை.

பேஸ்பாலிலும் அதே கதைதான். கை தாங்கியவர்கள் வரலாறு ஆனார்கள். கை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

மார்க் ஃபிட்ரிச் என்று ஒரு பையன். 1976-ல் முதல் சீசன், 21 வயசு, நாடே கொண்டாடியது. அந்த வருஷம் 250 இன்னிங்ஸ், 24 கம்ப்ளீட் கேம். அடுத்த வருஷமே தோள் போச்சு. திரும்ப வர முயன்றுகொண்டே இருந்தார், முடியலை. தோள்பட்டையின் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது 1985-ல். அதற்குள் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிட்டது.

1980-ல் ஓக்லாந்து அணி. பில்லி மார்ட்டின் என்ற மேனேஜர். 162 ஆட்டத்தில் 94 கம்ப்ளீட் கேம். ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேருமே இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அதில் ஒருவர்கூட அந்த உச்சத்தில் நீடித்து நிற்கவில்லை.

இப்ப கொஞ்சம் உடம்பு பற்றி.

முழங்கையின் உள்பக்கம், மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்துக் கட்டும் ஒரு ஜவ்வு இருக்கு. கிட்டத்தட்ட நம்ம சுண்டு விரல் நீளம்கூட வராது. பிட்சர் கையைப் பின்னால் வளைத்து முன்னால் வீசும் அந்தக் கணத்தில், முழங்கையை உள்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும் விசை வருது. ஆய்வுக்கூடத்தில் அளந்த கணக்கு, சுமார் 64 நியூட்டன் மீட்டர்.

இறந்தவர்களின் முழங்கையை வைத்துச் சோதித்தபோது, இந்த ஜவ்வு தனியாகத் தாங்கிய எல்லை சுமார் 32 தான்.

பாதிதான் தாங்கும். அப்புறம் எப்படி முதல் பந்திலேயே கிழியாமல் இருக்கு?

முன்கைத் தசைகள்தான் காரணம். அவை இறுகிப் பிடித்து மிச்ச பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துப் போனால்? அந்தப் பாரம் ஜவ்வு மேல் விழும். ஒரே நாளில் கிழியாது. நூல் நூலாகப் பிரியும். ஓய்வு கொடுத்தால் உடம்பு ஓரளவு சரி செய்யும். கொடுக்காவிட்டால் ஒரு நாள் பட்டென்று போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பயிற்சி செய்தால் தசை சீக்கிரம் வலுவாகும். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் தேறும். கைக்கு வேகம் கூடும் அளவுக்கு ஜவ்வுக்கு பலம் கூடாது. எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கைப் பழையபடியே விட்ட வண்டி மாதிரி.

1974-ல் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு இந்த ஜவ்வுதான் கிழிந்தது. அன்றைக்கு அதற்கு வைத்தியமே இல்லை. டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஒரு புது யோசனை செய்தார். செப்டம்பர் 25 அன்று, ஜானின் வலது முன்கையில் இருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டு, அதில் கோர்த்துப் புது ஜவ்வு செய்தார். தேறுவதற்கு வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று தான் சொல்லியிருந்தார்.

அந்தத் தசைநாண் உங்களுக்கு இருக்கான்னு பாக்கலாமா? கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குங்க. நடுவில் கயிறு மாதிரி புடைத்து வருதா? அதுதான் பால்மாரிஸ் லாங்கஸ். வரலைன்னா பயப்பட வேண்டாம், சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. இல்லாவிட்டாலும் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அதை எடுத்தார்.

டாமி ஜான் 1976-ல் திரும்ப வந்தார். 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றியில் 164 ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது! இன்றைக்கு அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான். கோஃபாக்ஸ் எட்டு வருஷம் முன்னாடி ஓய்வு பெற்றுவிட்டார்.

சரி, பந்தை எண்ண ஆரம்பித்தது எப்போது?

இதில் மருத்துவத்தைவிடப் பணத்துக்குப் பங்கு அதிகம். 1975 வரை ஒரு வீரர் கிட்டத்தட்ட அணியின் சொத்து. வேறு அணிக்கு அவராகப் போக முடியாது. கை போனால் அடுத்த ஆளைக் கூட்டி வரலாம், முதலாளிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் கொடுத்த தீர்ப்பால் அந்தப் பிடி உடைந்தது. வீரர்கள் சந்தைக்கு வந்தார்கள். சம்பளம் ஏறியது, பல வருஷ ஒப்பந்தம் வந்தது. கைக்கு விலை வந்த பிறகு, கை மேல் அக்கறையும் தானா வந்தது.

நாலு நாளுக்கு ஒரு முறை எறிந்தவர்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை என்று மாறினார்கள். ரிலீவர்கள் பெருகினார்கள். ஒரு சீசனில் 300 இன்னிங்ஸ் தொட்ட கடைசி ஆள் 1980-ல் ஸ்டீவ் கார்ல்டன். 1980-களின் கடைசியில் இருந்து ஒவ்வொரு பந்தும் எண்ணிப் பதிவாக ஆரம்பித்தது. போகப் போக 100 என்பது லட்சுமணக் கோடு ஆயிடுச்சு.

ஏன் 100? 97 இல்லை, 108 இல்லை? எந்த ஜவ்வும் 100-வது பந்தில் மணி அடிப்பதில்லை. முழு எண், நினைவில் வைக்கச் சுலபம். அவ்வளவுதான்.

இளசுகளின் கை உடைவது ஊரே பார்க்க நடந்தது. சிகாகோ கப்ஸ் அணியின் கெரி வுட், 1998-ல் 20 வயசில் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்த சீசன் முழுக்க ஆபரேஷனில் போனது. அதே அணியின் மார்க் பிரையர் 2003-ல் 211 இன்னிங்ஸ் எறிந்து 18 வெற்றி. 2006-ல், 25 வயசில், தன் கடைசி பெரிய லீக் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டார்.

நல்ல ஆய்வுகள் வந்தது சிறுவர்களைப் பற்றித்தான். அலபாமாவில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் 481 சிறுவர்களை பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தது. வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

2006-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியம். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்த இளைஞர்களுக்கு, ஆபரேஷன் வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு!

இதனால் 2007-ல் லிட்டில் லீக் அமைப்பு சிறுவர்களுக்குப் பந்து வரம்பு கொண்டு வந்தது. 11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. இப்போதைய விதிப்படி 66-ஐத் தொட்டாலே நாலு நாள் கட்டாய ஓய்வு.

பெரியவர்கள் பக்கம் பெரிய பரிசோதனை 2012-ல். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24 வயசு. 2010-ல் டாமி ஜான் ஆபரேஷன் ஆனவர். அணி ஜெயித்துக்கொண்டே போகுது. ஆனா 159 இன்னிங்ஸ் ஆனதும், செப்டம்பரில், போதும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிளே ஆஃபில் அவர் இல்லாமலே ஆடி முதல் சுற்றிலேயே தோற்றார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

முடிவு என்ன? 2019-ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் உலகத் தொடரின் சிறந்த வீரர், அணிக்கு முதல் கோப்பை. "பாத்தீங்களா, காப்பாத்தினது வீண் போகலை!" என்றார்கள். உடனே ஏழு வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்கப்புறம் அவர் எறிந்தது எட்டே ஆட்டம். தோள், நரம்பு எல்லாம் பிரச்சினையாகி 2024-ல் ஓய்வு.

காப்பாற்றியது சரியா தப்பா? ஒரு ஆளை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது என்பதுதான் இதில் பாடம்.

இனி வருவதுதான் இந்தப் பதிவின் மையம்.

இன்னிங்ஸ் குறைந்தது. பந்து குறைந்தது. ஓய்வு கூடியது. 2024-ல் 200 இன்னிங்ஸ் தொட்டவர்கள் மொத்தமே நாலு பேர். அப்ப காயமும் குறைஞ்சிருக்கணும் இல்லையா?

2024 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்க. 2005-ல் காயப் பட்டியலுக்குப் போன பிட்சர் கணக்கு 212. 2024-ல் 485. இரண்டு மடங்குக்கும் மேல்!

அதே அறிக்கையில் இன்னொரு எண். சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2 மைல். நம்ம கணக்கில் 147 கிலோமீட்டர் சுமாரில் இருந்து 152-க்கு வந்திருக்கு. இது எல்லாப் பிட்சருக்கும் சேர்த்துச் சராசரி என்பதை மறக்க வேண்டாம்.

என்ன நடந்தது?

ஒரே பேட்டர் மூன்றாவது முறை அதே பிட்சரைச் சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்பதை அணிகள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தன. அதனால் அதற்குள் ஸ்டார்ட்டரை எடுத்துவிடுவது வழக்கமானது. 2018-ல் டாம்பா பே அணி ஒரு ரிலீவரை முதல் இன்னிங்ஸ் மட்டும் எறிய வைக்கும் "ஓப்பனர்" முறையைக் கொண்டு வந்தது. 2020 உலகத் தொடரில் அதே அணி, பிரமாதமாக எறிந்துகொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லை 73-வது பந்தோடு இறக்கியது. அந்த ஆட்டத்திலேயே கோப்பையைக் கோட்டை விட்டது.

இது கையைக் காப்பாற்ற வந்த முறை இல்லை, ஜெயிக்க வந்த முறை. ஐந்து இன்னிங்ஸ்தான் நம்ம வேலை என்று தெரிந்த பிட்சர் என்ன செய்வார்? மேத்யூசன் மாதிரி சேமிப்பாரா? முதல் பந்தில் இருந்தே முழு பலத்தையும் கொட்டுவார். மராத்தான் ஓடியவரை 400 மீட்டர் ஓட விட்டது மாதிரி. தூரம் குறைந்தது. ஆனா ஒவ்வொரு அடியும் உச்சத்தில்.

டாக்டர் பாஷையில் சொல்றேன். மாத்திரை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு மாத்திரையின் மில்லிகிராமைக் கூட்டிவிட்டோம். அப்புறம் "பாதிதானே சாப்பிடறார், ஏன் பக்கவிளைவு வருது?" என்று கேட்கிறோம்.

எண்ணச் சுலபமானதை எண்ணினார்கள். பாரத்தை யாரும் எண்ணவில்லை. எத்தனை பந்து, எவ்வளவு பலத்தோடு, எத்தனை நாள் ஓய்வுக்கு அப்புறம், எந்த வயசில், களைப்போடா களைப்பில்லாமலா, இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் பாரம்.

இதில் ஜப்பான் கதையையும் சொல்லணும்.

அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடும் கோஷியன் போட்டி ஒரு தேசியத் திருவிழா. 1998-ல் டைசுகே மட்சுசாகா கால் இறுதியில் 17 இன்னிங்ஸ், 250 பந்து. அடுத்த நாள் அரை இறுதியில் ஒரு இன்னிங்ஸ். அதற்கடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். தியாகம், வீரம் என்று ஜப்பானே கொண்டாடியது. 2011-ல் அவருக்கும் டாமி ஜான் ஆபரேஷன்.

2019-ல் ரோகி சசாகி. 17 வயசிலேயே 163 கிலோமீட்டர் வேகம் தொட்ட பையன். கோஷியனுக்குப் போக மாகாண இறுதி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. முந்தின நாள் 129 பந்து எறிந்திருந்தார். அதனால் பயிற்சியாளர் அவரை இறக்கவே இல்லை. அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குத் திட்டி போன் மேல் போன்.

ஆனா 2020-ல் அங்கே பள்ளி ஆட்டத்துக்கு வாரத்துக்கு 500 பந்து வரம்பு வந்தது. 2022-ல் அதே சசாகி தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பேட்டரைக்கூட பேஸ் ஏற விடாத பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார். அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் அதே மாதிரி. 102 பந்து ஆகியிருந்ததால் மேனேஜர் எடுத்துவிட்டார்.

இவ்வளவு பொத்தி வைத்தும் 2025-ல் அமெரிக்கா வந்ததும் தோள் வலியால் பல மாசம் வெளியே உட்கார்ந்தார். காப்பு என்பது உத்தரவாதம் இல்லை. தடுப்பூசி போட்டவருக்குக் காய்ச்சலே வராது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லையே.

இப்போது அணிகள் மறுபடி யோசிக்கின்றன. ஜப்பானில் ஸ்டார்ட்டர் வாரத்துக்கு ஒரு முறைதான் எறிவார். டாட்ஜர்ஸ் அதை ஒட்டி ஆறு ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் கூடுதல் ஓய்வு கொடுத்துப் பார்த்தது. அங்கே 2025 உலகத் தொடரில் யோஷினோபு யமமோட்டோ ஒரு கம்ப்ளீட் கேம் எறிந்தார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. அடுத்த நாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து 34 பந்து எறிந்து கோப்பையை முடித்துக் கொடுத்தார். சீசன் முழுக்கக் கொடுத்த ஓய்வு அன்றைக்குக் கை கொடுத்தது என்று ஒரு பக்கம். அது ஆபத்தான சூதாட்டம் என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கு.

இதில் நமக்கு என்ன இருக்கு?

வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போகும் தொழிலாளியை எங்க ஓபி-யில் தினமும் பார்க்கிறோம். "மாத்திரை போட்டா வலி தெரியலை சார், வேலை ஓடுது." வலி தெரியலை, பாரம் அப்படியேதான் இருக்கு. கோஃபாக்ஸுக்கு நடந்ததும் அதே. அவருக்கு நிறுத்த வசதி இருந்தது, நிறுத்தினார். இவருக்கு இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், அதனால் "வேலைக்குப் போகாதீங்க" என்று சும்மா சொல்லிவிட முடியாது. தூக்கும் எடையையாவது பிரித்துத் தூக்குங்க, நடுவில் ஓய்வு எடுங்க என்றுதான் சொல்வேன்.

உங்க பிள்ளை கிரிக்கெட்டோ, பேட்மின்டனோ, ஈட்டி எறிதலோ எதில் இருந்தாலும் சரி. கணக்கை மட்டும் பார்க்காதீங்க. "கை களைச்சிருக்கு, வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்க. வருஷத்தில் சில மாசம் அந்த விளையாட்டுக்கே லீவு கொடுங்க. இரண்டு வாரம் தாண்டியும் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

அந்த 36 மடங்கு என்ற எண் பந்துக் கணக்கில் இருந்து வந்தது இல்லை. களைத்த கையோடு தொடர்ந்து எறிந்ததில் இருந்து வந்தது. கை களைத்ததைப் பிள்ளைதான் முதலில் உணரும். அது சொல்லும்போது நாம காது கொடுக்கணும்.